யாழினியின் டியூசனை நிறுத்திவிட்டேன், மச்சான்

பாசத்துக்கும், இந்த ஒரு வாரமாகக் கோபத்துக்கும் உரிய முருகேசு மச்சானுக்கு,

உயிரோடு இருந்தபோது நாம் போட்ட சண்டைகளில் எல்லாம் நீதான் ஜெயித்தாய். செத்து ஒரு வருடம் ஆன பிறகும் நீதான் ஜெயிக்கிறாய். அதுதான் எனக்கு எரிகிறது. அப்போதாவது எதிர்த்துப் பேச ஆள் இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாய்? "செல்வி, யாழினி படு சூட்டிகையான பொண்ணு. நல்ல டியூசனாப் பாத்து சேத்துவுடு. இல்லாங்காட்டி எங்கள மாதிரி ஆயிடும்." எங்களை மாதிரி என்றபோது என்னை ஒரு பார்வை பார்த்தாய். நியாயம்தான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பத்தாவது படித்தோம். கணக்கில் நான் இரண்டாம் தடவை பாஸ், நீ மூன்றாம் தடவை. அந்த மூளைகள் இரண்டும் சேர்ந்து ஒரு பெண்ணின் படிப்புக்கு வழி சொன்னால் எப்படி இருக்கும்?

நீ சொன்னது செல்விக்குச் சட்டமாகிவிட்டது. நாலரைக்கு என் மகள் பள்ளியிலிருந்து வருவாள். ஐந்து மணிக்கு டியூசன். ஏழரைக்கு வீடு. ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். நாலாம் வகுப்பு மச்சான், ஒன்பது வயசு!

உன் முதல் வருடப் படையலில் கறிக்குழம்பு, பீடிக்கட்டு, அதன் பக்கத்தில் டியூசன் நோட்டையும் பிரித்து வைத்தாள் உன் தங்கச்சி. "எங்கண்ணன் பாக்கட்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நூற்றுக்கு நூறு போட்டிருந்த பக்கம். யாழினி என் காதில், "அப்பா, மாமாவுக்குக் கணக்கு தெரியுமா?" என்றாள். உன் போட்டோவைப் பார்த்துச் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சிரித்தது அன்றோடு சரி. காலாண்டு லீவில் டியூசனுக்கும் நாலு நாள் லீவு விட்டார்கள். மரவள்ளிக் கிழங்கு ஏற்ற வெள்ளிமலைக்குப் போனபோது அவளையும் லாரியில் கூட்டிப்போனேன். முன்பெல்லாம் மலை ஏறினால் அவள் வாய் ஓயாது. "ஏறும்போது குடிச்ச டீசல, எறங்கும்போது வண்டி திருப்பிக் குடுக்குமாப்பா?" என்று ஒருமுறை கேட்டாள். பதிலுக்கு, காலியாகக் கிடந்த ரோட்டில் ஹாரன் அடித்தேன். இந்த முறை கச்சிராயபாளையம் தாண்டியும் ஒரு கேள்வி இல்லை.

மூட்டை ஏற்றிய அம்மா அவளைச் சீண்டினார். "பாப்பா, வரிசைக்கு ஏழு மூட்ட. அஞ்சு வரிசை ஏத்தியாச்சு. மேல மூணு கெடக்குது. மொத்தம் எத்தினி, சொல்லு பாப்போம்?"

போன வருடம் என்றால் அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லியிருப்பாள். இப்போது என் முகத்தைப் பார்த்தாள். "மாடல் சம் இன்னாப்பா?"

"இன்னாது?"

"மிஸ் மொதல்ல ஒண்ணு போட்டுக் காட்டுவாங்க. அதப் பாத்துத்தான் நாங்க போடணும். நாங்களாப் போடக் கூடாது."

"போட்டா?"

"பத்து தடவ எழுதணும்."

கணக்கு தெரியாமல் இல்லை மச்சான். விடை நாக்கு நுனியில் நின்றது. சொல்லத்தான் பயம். நமக்குக் கணக்கு வரவில்லை, பயந்தோம். வருகிற பிள்ளைக்குப் பயத்தைச் சொல்லிக்கொடுக்கவா ஒரு வருடமாக அனுப்பினேன்?

பள்ளியில் போய்க் கேட்டேன். வகுப்பு டீச்சர், "டியூசன் போறா இல்ல, அங்க பாத்துக்குவாங்க சார்" என்றார். டியூசனில் கேட்டேன். "ஸ்கூல்ல எங்க சார் நடத்துறாங்க?" என்றார் அந்த மிஸ். அப்படியானால் காலையிலிருந்து சாயங்காலம் வரை என் பிள்ளை எங்கேதான் போய்க்கினு இருக்கிறாள்?

அந்த மிஸ் கெட்டவர் இல்லை. பக்கத்து வீட்டு இம்ரானுக்கு எழுத்தே கூட்ட வராது. அவனை இன்று பேப்பர் படிக்க வைத்திருக்கிறார். அதற்கு ஒரு கும்பிடு. காய்ச்சல் வந்த பிள்ளைக்குப் போடுகிற ஊசியை, ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு ஏன் போட வேண்டும்? இது லாரி ஓட்டுகிறவனுக்குப் புரிகிறது, படித்தவர்களுக்குப் புரியவில்லையே.

டியூசனை நிறுத்துகிறேன் என்றதும் செல்வி எழுந்து நின்றாள். "எங்கண்ணன் கடைசியா சொன்ன வார்த்த. அத மீற நீ யாருய்யா?"

"நான் அதுக்கு அப்பன்."

"பத்தாவத ரெண்டு தடவ எழுதுன அப்பன்."

"உங்கண்ணன் மூணு தடவ எழுதனாண்டி!"

சொல்லியிருக்கக் கூடாது. அழுதுவிட்டாள். மன்னித்துக்கொள். ஆனாலும் உண்மை உண்மைதான்.

நேற்றுதான் டியூசன் இல்லாத முதல் நாள். ஐந்து மணிக்கு வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். இனி டியூசன் இல்லை என்றேன். பையைக் கழற்றினாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், திரும்ப உட்கார்ந்தாள். கடைசியில், "அப்பா, இப்ப நான் இன்னா பண்ணணும்?" என்றாள்.

ஒன்பது வயசுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

"உனக்கு இன்னா தோணுதோ, அத."

"தப்பாப் பண்ணிட்டா?"

"பண்ணு."

"திட்ட மாட்டியே?"

"மாட்டேன்."

அவள் நம்பவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே சோதித்தாள். அப்புறம் தெருவில் இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது மணி என்ன என்று நான் பார்க்கவில்லை.

மச்சான், உன் மருமகள் படிப்பாள். ஒரு நாள் அவளே வந்து "புரியலப்பா" என்றால், அதே மிஸ் வீட்டு வாசலில் நானே கொண்டுபோய் இறக்கிவிடுவேன். அதுவரை அவளுக்கு முந்திக்கொண்டு யாரையும் விடை சொல்ல விடமாட்டேன், நீயே சொன்னாலும் சரி. தப்பாகப் பண்ணினாலும் திட்டமாட்டேன் என்று அவளுக்குக் கொடுத்த வாக்கைத்தான் உனக்கும் கொடுக்கிறேன். முடிந்தால் செல்வியின் கனவில் வந்து, சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
தன் சோற்றைத் தானே போட்டுத் தின்றுகொண்டிருக்கும்
உன் தங்கச்சி புருசன், மாப்ள ஏழுமலை