மாமியார் கால் வைத்த மணல்

ஏப்ரல் 6, ஞாயிறு

கம்பெனி ஆட்களோடு சூலூர்பேட்டை தாண்டி கடலுக்குப் போனோம். ஈரம் இல்லாத வெள்ளை மணலில் நடந்தபோது காலடியில் கீச் என்றது. செருப்பு வார் என்று நினைத்துக் கழற்றிப் போட்டேன். வெறுங்காலிலும் கீச். குதிகாலை இழுத்தால் நாய்க்குட்டி மாதிரி குரைக்கிறது! சாட்சிக்குக் கூட வேலை பார்க்கும் நரசிம்மனைத் தேடினேன். வேனில் குறட்டை. போனில் பதிவு செய்ததில் காற்று மட்டும்தான் கேட்கிறது. என் ராசி அப்படி.

ஏப்ரல் 7

என் மனைவி பத்மினியிடம் சொன்னேன். சிரித்தாள். அவள் போனில் திருச்சானூரிலிருந்து மாமியார் ஸ்பீக்கரில் இருந்தது எனக்குத் தெரியாது. "போன வருசம் சிறுத்த, இந்த வருசம் மண்ணா?" என்றார்.

சிறுத்தை நிஜம். பைக்குக்குக் குறுக்கே போயிற்று. யார் நம்பினார்கள்? கல்யாணமாகி எட்டு வருடம், நான் சாப்பிட்டேன் என்று சொன்னால்கூட, அவர் பத்மினியிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வார். ஒரே ஒரு தடவை அந்த அம்மாள் என்னை நம்பிவிட்டால் போதும்.

ஏப்ரல் 9

டிபன் டப்பாவில் மணல் கொண்டுவந்திருந்தேன். அதில் குதிகாலை வைத்து அரை மணி நேரம் மிதித்தேன். சத்தமே இல்லை. "சோறு துன்ற டப்பா அது," என்றாள் பத்மினி.

ஏப்ரல் 10

நரசிம்மன் போனில் பார்த்துச் சொன்னான்: மணல் சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டுமாம். கொஞ்சம் எண்ணெய், ஈரம் பட்டாலும் வாய் மூடிக்கொள்ளுமாம். டப்பாவில் புளிசாதம் வைத்த எண்ணெய்! மாமியாரையே நேரில் கூட்டிப் போகிறேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

எப்படி எழுதுவேன்?

கடலுக்குப் போகும் வழியில் எல்லோரையும் சோப்புப் போட்டுக் கால் கழுவ வைத்தேன். டிரைவருக்கும். கார் நிறுத்த இடம் காட்டிவிட்டு வருவதற்குள் மாமியார் அந்த இடம் முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்து, நல்லெண்ணெய் விளக்கேற்றி, தேங்காயும் உடைத்துவிட்டார். ஐயோ அத்தை, இன்னா இது!

"பொய்யா இருந்தா ஒரு தேங்காயோட போவும். நெசமா இருந்துட்டா? பூச பண்ணாம மெதிச்சா சாமி குத்தம் மாப்ள."

பிறகு பயபக்தியோடு மிதித்தார். சத்தம் இல்லை. நான் தள்ளிப் போய்க் குதித்தேன், நன்றாகவே குரைத்தது. அவருக்கு அலைச் சத்தம்தான் கேட்டதாம். இங்கே வாருங்கள் என்றால் வெயில் ஏறிவிட்டது என்று காரில் உட்கார்ந்துகொண்டார். கிளம்பும்போது பூசைத் தட்டை மறந்துவிட்டோம் என்று தனியாகப் போனார். வெகுநேரம் கழித்து வந்தார். வழியெல்லாம் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபமாக இருக்கும்.

ஏப்ரல் 14

நான் சாப்பிட்டேனா என்று மாமியார் இன்று பத்மினியிடம் கேட்கவில்லை. அவ்வளவு கோபமா?

ஏப்ரல் 18

மாமியார் எனக்கே போன் செய்தார். எட்டு வருடத்தில் முதல் தடவை. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துவிட்டேன்.

தட்டை எடுக்கப் போனவர் வழி மாறி வேறு பக்கம் நடந்திருக்கிறார். கீச். திரும்பி நடந்தால் அங்கேயும் கீச். அன்றைக்கு என் எதிரில் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லையாம். அடக்க முடியாமல் எதிர்வீட்டுக் கமலம்மாவிடம் சொல்லியிருக்கிறார். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று அவள் மோர் கொடுத்து அனுப்பினாளாம். தெருவே சிரிக்கிறதாம்.

"நீங்க ஒரு வாட்டி வந்து சொல்லுங்க மாப்ள."

ஏப்ரல் 20, ஞாயிறு

திருச்சானூர் போனோம். கமலம்மா வீட்டில் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. கமலம்மா என்னைப் பார்க்காமல் பத்மினி பக்கம் திரும்பி, நெசமா என்று கேட்டாள்.

மாமியாருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே.

"அவள இன்னாத்துக்குக் கேக்கற? எங்க மாப்ள பொய் சொல்ல மாட்டாரு. சிறுத்தையே பாத்தவரு."

கமலம்மா எனக்கும் சேர்த்து இரண்டு தம்ளர் மோர் கொண்டுவந்தாள். மாமியாரும் நானும் குடித்தோம்.