நான்குக்கு ஒரு நூல் குறைவு

பிப்ரவரி 6

இன்றும் ஒருவர் எங்கள் மூக்குக் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்து நேராக என்னிடம் வந்து, "நேத்து உங்ககிட்டதானே கொடுத்தேன், ரெடியா?" என்றார். வாங்கி வைத்தது அண்ணன். நாங்கள் இரட்டையர் என்று சொன்னதும் வழக்கம்போல வாயைப் பிளந்தார். மேல் அடுக்கிலிருந்து அவருடைய பெட்டியை எடுக்க முக்காலியை இழுத்தேன். அதற்குள் அவரே கையை நீட்டி எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். எனக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது.

அண்ணனுக்கும் இதே உயரம். அவனாக இருந்தால், "அப்படியே பக்கத்துப் பெட்டியையும் எடுத்துக் கொடுங்க சார்" என்று சிரித்திருப்பான். எனக்கு ஏன் அது வரமாட்டேன் என்கிறது?

நாளை டாக்டரைப் பார்க்கப் போகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 7

டாக்டரம்மா என்னை நிற்க வைத்து, உட்கார வைத்து, கைகளை விரிக்கச் சொல்லி அளந்தார். தொடை தனி, கீழ்க்கால் தனி.

"எவ்வளவு உயரம் கூட வேணும்?"

"எட்டு சென்டிமீட்டர்."

"துணிக்கடையில கேக்குற மாதிரி கேக்குறீங்களே!" என்று சிரித்தார்.

முழங்காலுக்குக் கீழே எலும்பை வெட்டி, வெளியே வளையம் பூட்டி, தினமும் திருகித் திருகி விலக்குவார்களாம். நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். இடைவெளியில் புது எலும்பு வளரும். "எலும்பு நாம சொன்னபடி கேக்கும். நரம்பும் தசையும் அப்படிக் கேக்காது. உங்களுக்கு அஞ்சுதான் எல்லை. அதுக்கு முன்னாலயே கால் போதும்னு சொன்னா, அங்கேயே நிறுத்திடுவேன்."

பிறகு என் படத்தையே கணினியில் நீட்டிக் காட்டினார். எட்டில் முழங்கால் எங்கேயோ ஏறிப் போயிருந்தது. குட்டைத் தொடைக்குக் கீழே வேறு யாருடைய காலையோ ஒட்டவைத்த மாதிரி. கொக்கு! ஐந்தில் பார்த்தேன், நான்தான். ஆனாலும் மனசு எட்டையே சுற்றுகிறது.

பிப்ரவரி 9

சொல்லிவிட்டேன். அம்மா, "உன்னைப் பெத்ததுல நான் என்னடா குறை வச்சேன்?" என்று அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "ரொம்ப வலிக்குமா?" என்று கேட்டாள். அப்படியென்றால் பாதி சம்மதம்.

அண்ணன் சாப்பிட்டு முடித்தான். கை கழுவிவிட்டு வந்து ஆரம்பித்தான். "முகத்துக்கு ஏத்த ஃப்ரேம் போடுங்கன்னு வர்றவங்களுக்கெல்லாம் சொல்ற. உனக்குன்னு வந்தா மட்டும் பெருசா கேக்குதா? அஞ்சுன்னா அஞ்சு. ஆறுன்னு வாயைத் திறந்த, நானே சுத்தியலோட வந்து பழைய அளவுக்குக் கொண்டுவந்துடுவேன்."

மார்ச் 4

முடிந்தது. வலி. வலி. கால்களைச் சுற்றி இரும்பு வளையங்கள். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "கட்டடம் முடியற வரைக்கும் சாரத்தைப் பிரிக்க மாட்டாங்களோ?" என்றான். சிரித்தால் இன்னும் வலிக்கிறது, பாவி.

மார்ச் 12

இன்று முதல் திருகல். பொறுப்பு அண்ணனுடையது. மூக்குக் கண்ணாடியின் பொடித் திருகாணிகளை முறுக்கிப் பழகிய கை. ஆனால் முதல் திருகலில் அவன் நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. "திருகிட்டியா?" என்றேன். "அப்பவே!" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மார்ச் 29

நான் படுத்தே கிடக்கிறேன். அம்மா வாசலிலேயே நின்று பார்த்து, "நல்லா வளர்ந்துட்டடா" என்கிறாள். நீளமாகிவிட்டேன் என்று வேண்டுமானால் சொல்லலாம்!

ஏப்ரல் 16

வலது பாதத்தின் மேல்புறம் முந்தாநாளிலிருந்து எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. இன்று எறும்பும் இல்லை, தொட்டால் உணர்ச்சியும் இல்லை.

சொன்னால் நிறுத்திவிடுவார்கள். ஐந்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. சொல்லவில்லை. நாளைக்குச் சரியாகிவிடும் — ஆகும்தானே?

ஏப்ரல் 18

அண்ணன் கண்டுபிடித்துவிட்டான்.

காலையில் நடைச்சட்டத்தைப் பிடித்து நின்றபோது, "குதிகால் ஏன் தரையில படல?" என்றான். மழுப்பினேன். கட்டிலில் உட்கார வைத்து, "ஜன்னலைப் பாரு" என்றான். பார்த்தேன்.

"இப்ப நான் என்ன பண்றேன், சொல்லு."

"ஒண்ணும் பண்ணல."

திரும்பினால் கண்ணாடி துடைக்கும் துணியால் என் பாதத்தைத் தடவிக்கொண்டிருக்கிறான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"எத்தனை நாளா?"

"ஒரு சென்டிமீட்டர்தாண்டா இருக்கு! கெடுத்துடாத. உனக்கு என்னடா தெரியும் என் கஷ்டம்?"

"உன் உயரத்துலயேதான் நானும் இருக்கேன். எனக்குத் தெரியாதா? அந்த ஒரு சென்டிமீட்டருக்காகப் பாதத்தை இழுத்து இழுத்து நடக்கப் போறியா?" குரல் உடைந்துவிட்டது அவனுக்கு. கோபத்தில் அவன் கத்திப் பார்த்திருக்கிறேன். அழுது பார்த்ததில்லை.

நானே டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

ஏப்ரல் 19

திருகல் நின்றது. நான்குக்கு ஒரு நூல் குறைவு. "நரம்பு திணறுது. நல்லவேளை, இப்பவே வந்தீங்க. திரும்பிடும்" என்றார் டாக்டரம்மா. ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்பாடா என்றுதான் இருக்கிறது. விநோதம்.

மே 5

கூசுகிறது! பாதம் கூசுகிறது! அண்ணன் தடவ நான் கத்த, அம்மா என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். பிறகு அவளும் ஒரு தடவை கிச்சுகிச்சு மூட்டிப் பார்த்தாள்.

ஜூலை 2

எக்ஸ்ரே. வெட்டிய இடத்தில் மேகம் மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. அதுதான் புது எலும்பாம். டாக்டரம்மாவே கைதட்டினார்.

அக்டோபர் 11

வளையங்கள் கழன்று சில வாரம் ஆகிறது. இன்று முதல்முறையாகக் கடைக்குப் போனேன். ஊன்றுகோலோடுதான். ஆள் உயரக் கண்ணாடி முன்னால் நானும் அண்ணனும் சேர்ந்து நின்றோம். என் முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. கொக்கு இல்லை. அவனுடைய உச்சந்தலை என் முன்முடி தொடங்கும் இடத்துக்கு வருகிறது.

"அம்மா இன்னும் என்னைத்தான் பெரியவன்னு கூப்பிடுறா. அந்தப் பட்டத்தை மட்டும் உனக்குத் தரமாட்டேன்" என்றான்.

"நீயே வச்சுக்கோ" என்றேன். வாசலில் நின்ற ஒரு அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அண்ணன் தம்பியா? ஜாடை ஒத்துப்போகுதே!" என்றாள். அதோடு கடையில் வேலை ஓடவில்லை. அப்படி ஒரு சிரிப்பு.

மே 17 (அடுத்த ஆண்டு)

சைக்கிள் ஓட்ட டாக்டரம்மா அனுமதி கொடுத்துவிட்டார். அண்ணனோடு போய்ப் பச்சை நிறத்தில் ஒன்று வாங்கினேன். கடைக்காரர், "உங்க உயரம் எவ்வளவு சார்?" என்றார். பழைய அளவைச் சொல்லிவிட்டேன். சொன்னது தப்பு என்றுகூடத் தோன்றவில்லை.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இல்லையே சார், கூட இருப்பீங்களே" என்று காலை மட்டும் நாடாவால் அளந்து இருக்கையை உயர்த்தினார். அண்ணன் கடை வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்துவிட்டான்.

ஏரியை ஒரு சுற்று சுற்றினோம். எதிர்க்காற்று. மேட்டில் அவனை முந்தினேன். இறக்கத்தில் அவன் என்னை முந்தினான். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் நினைப்பு வந்தது: அந்த நாடாவில் எவ்வளவு காட்டியது என்று நான் கேட்கவே இல்லை.