ஒற்றைப்படை என் முறை

3 பிப்ரவரி

அலுவலகத்தில் என் பெயர் தராசு. எடையளவு ஆய்வாளனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வயது ஐம்பது. இந்தக் குறிப்பின் நோக்கம் ஒன்றே: நான் வாசிக்கும் மாங்கா என்னும் ஜப்பானியப் படக்கதைத் தொடர்களில் எது எந்தத் தொகுதியில் நிற்கிறது என்று பதிந்துவைத்தல். இதுவரை அந்தக் கணக்கு என் மனைவியின் ஞாபகத்தில் இருந்தது. அவள் மழைக்காலத்திலிருந்து தன் அக்காள் வீட்டில் இருக்கிறாள். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

இன்று: சமையல் போட்டித் தொடர், ஏழாம் தொகுதி முடிந்தது. நன்றாக இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

4 பிப்ரவரி

மலையேறிகள், ஒன்பதாம் தொகுதி. ஒருவன் விழுந்தான். பக்கத்தைப் புரட்டினேன்.

9 பிப்ரவரி

உணவு இடைவேளையில் தபால் பிரிவு எழுத்தர் என் மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்துத் திறந்தார்.

"என்ன சார், முதல் பக்கத்துலயே எல்லாரும் கட்டிப்பிடிச்சு அழறாங்க?"

"அது கடைசிப் பக்கம். ஜப்பான்காரன் புத்தகம், வலப்பக்கத்துலேர்ந்து படிக்கணும்."

"அடப்பாவமே! முடிவத் தெரிஞ்சுக்கிட்டேனே, இனிமே எவன் படிப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம் என்று எனக்கும் புரிந்தது.

14 பிப்ரவரி

புத்தகக்கடைக்காரர் கையசைத்துக் கூப்பிட்டார். "சார், தீவு டாக்டர் பதினெட்டு வந்துடுச்சு. கட்டித் தரவா?"

"அது என் எண் இல்ல."

"புத்தகத்துலயுமா ராசி பார்க்குறீங்க?"

அவருக்கு விளக்கவில்லை, இங்கே விளக்குகிறேன். தீவொன்றில் பணியாற்றும் கால்நடை மருத்துவரின் கதை அது. நாங்கள் இருவரும் முறை வைத்து வாங்கிவந்தோம்: ஒற்றைப்படைத் தொகுதிகள் நான், இரட்டைப்படை அவள். விதி என்னுடையது. புறப்பட்ட அன்று அலமாரி முன் நின்று, "இத என்ன பண்ணட்டும்?" என்று கேட்டாள். அவரவர் வாங்கியது அவரவருக்கு என்றேன். அதைவிட நியாயமான பங்கீடு எனக்கு இன்றும் தோன்றவில்லை. அவள் சிறிது நேரம் என்னையே பார்த்தாள். பிறகு இரண்டு, நான்கு, ஆறு என்று ஒவ்வொன்றாக உருவி அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். எஞ்சியவை இப்போது ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன.

பதினேழு அவள் போன பின் வந்தது. வாங்கினேன், படித்தேன். புயலில் ஆடும் படகில் சினைக்குதிரைக்கு வலி எடுக்கிறது. குட்டி வயிற்றுக்குள் திரும்பிக் கிடக்கிறது. மருத்துவர் சட்டையை மடித்துக்கொண்டு தோள்வரை கையை உள்ளே விடுகிறார். தொகுதி அங்கே முடிகிறது. குதிரை பிழைத்ததா என்று அறிய, இன்று கடையிலேயே பதினெட்டை வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

15 பிப்ரவரி

ஒன்றும் வாசிக்கவில்லை.

19 பிப்ரவரி

வெளியூரில் வேலை செய்யும் மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்பா, பதினெட்ட அம்மா வாங்கியாச்சு. ஆனா மேல இருக்குற கண்ணாடித்தாளக்கூடப் பிரிக்கல."

"ஏன்?"

"பதினேழு உங்ககிட்டல்ல இருக்கு! நடுவுல ஒண்ண விட்டுட்டு எப்படிப் படிப்பாங்க?"

"கடையில கிடைக்குதே."

"நானும் அதத்தான் சொன்னேன். 'அது உங்கப்பா முறை'ன்னுட்டாங்க. நல்லா வந்து வாய்ச்சீங்க ரெண்டு பேரும்! ஒரு கதைய யாராச்சும் குறுக்கால அறுப்பாங்களா?"

வைக்கும் முன் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வக்கீலப் பார்க்கலாம்னு பெரியம்மா சொல்லிட்டே இருக்காங்க. அம்மா இன்னும் சரின்னு சொல்லல. அவ்வளவுதான்ப்பா எனக்குத் தெரிஞ்சது."

20 பிப்ரவரி

வக்கீல். இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு என்ன தோன்ற வேண்டும்? பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு மரத்த ஈறை நாக்கால் தடவிப் பார்ப்போமே, அதுபோல் தடவிப் பார்த்தேன். அங்கே ஏதோ இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது.

24 பிப்ரவரி

எழுத மாட்டேன் என்றதை எழுதுகிறேன். போகும்போது அவள் சொன்னது: "எங்கப்பா செத்துக் கெடக்குறாரு, நீங்க என்னப் பார்க்கல. கடிகாரத்தப் பார்த்துக்கிட்டிருந்தீங்க." சுடுகாட்டுக்கு எடுத்துச்செல்லும் வண்டி வரவேண்டிய நேரம் அது. யாராவது ஒருவர் பார்த்துத்தானே ஆக வேண்டும்?

ஆக வேண்டுமா?

27 பிப்ரவரி

தொடர்களுக்கு நிலை குறிக்கும் செயலியில் நான்கு பிரிவுகள் உண்டு: படிப்பவை, நிறுத்திவைத்தவை, கைவிட்டவை, முடித்தவை. தீவு மருத்துவரை இரண்டாவதற்கு மாற்றப் போனேன். நிறுத்திவைத்தது யார்? வரைபவர் வரைந்துகொண்டுதான் இருக்கிறார். கடையில் புத்தகம் இருக்கிறது. அவ அங்க பிரிக்காம வச்சிருக்கா, நான் இங்க நம்பரப் பார்த்துக்கிட்டு— என்னய்யா விதி இது! எவன் போட்டது? நான்தான் போட்டேன்.

1 மார்ச், ஞாயிறு

பதினேழை எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்த அக்காள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாசல்லயே நிக்கிறீங்களே, நிலைய அளக்க வந்தீங்களா? உள்ள வாங்க."

புத்தகத்தை மேசையில் வைத்தேன். மனைவி அதை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். எனக்குத் தேநீர் வந்தது, ஆறியது. படகுக் காட்சி வந்ததும் மூக்கை உறிஞ்சினாள். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தபடி நிமிர்ந்தாள்.

"இத அழாமலா படிச்சீங்க?"

"ஆமா."

"எப்படி உங்களால முடிஞ்சுது?"

"தெரியல. ஒண்ணும் தோணல. கொஞ்ச நாளாவே எதுலயும் ஒண்ணும் தோணல."

அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? உங்களுக்கு என்மேல மட்டுந்தான் ஒண்ணும் தோணலன்னு நெனச்சேன்."

உள்ளே போய்ப் பதினெட்டைக் கொண்டுவந்து நீட்டினாள், கண்ணாடித்தாளோடு. "எடுத்துட்டுப் போங்க."

"நீ மொதல்ல படி" என்றேன்.

"சரி. அப்ப அடுத்த ஞாயித்துக்கிழம வாங்க, அன்னிக்குப் படிக்கிறேன்" என்றாள். வக்கீலைப் பற்றி அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிறன்று போவேன். அவள் பதினெட்டைப் படித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பேன். குதிரை பிழைத்ததா என்று கேட்க மாட்டேன். அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.