சத்தம் வைக்காமல் பார்த்த ராக்கெட் படம்

என் பாசத்துக்கும் கிண்டலுக்கும் உரிய மாமாவுக்கு,

நீங்கள் போய் ஓராண்டு முடிந்துவிட்டது. சிதம்பரத்தில் வெயில் அப்படியேதான் இருக்கிறது, கரண்ட்தான் இல்லை. இரண்டு மணி நேரம் வந்தால் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. இன்வெர்ட்டர் வாங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டே உங்கள் மகன் விசிறியால் வீசிக்கொண்டிருக்கிறார். உங்கள் பிள்ளைதானே!

அத்தையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் அந்தப் படத்தைச் சொல்லியாக வேண்டும். உங்களை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலூரில் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கம் பிளாட்பாரக் கடையில் நீங்கள் டிஸ்காக வாங்கிய பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படம் அது. பெயின்ட் அடிக்கிற இரண்டு அசடுகள் ஒரு ராக்கெட்டுக்கு வெள்ளை அடிக்கப் போய், தெரியாமல் எதையோ இழுத்துவிட்டு, வேறு கிரகத்தில் போய் இறங்குகிறார்கள். அங்கே இருப்பவர்கள் தலையில் இடியாப்பத் தட்டைக் கவிழ்த்தது போல ஒன்று. வந்தவர்கள் பெரிய விஞ்ஞானிகள் என்று நம்பி, அவர்கள் செய்வதையெல்லாம் அப்படியே செய்வார்கள். ஒருவன் கால் பெயின்ட் வாளிக்குள் மாட்டிக்கொள்ளும். உடனே ஒரு பட்டாளமே ஆளுக்கொரு வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு டங் டங்கென்று அணிவகுத்து வரும்.

முட்டாள்தனமான படம் என்று முதலில் நினைத்தேன். வேலைக்கு நடுவே நாலைந்து முறை துண்டு துண்டாகப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அந்த முட்டாள்தனத்துக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு! ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவன் திரும்புவானே, அது யார் மேல் எப்போது இடிக்க வேண்டும் என்பதில் ஒரு நொடி பிசகினாலும் சிரிப்பு வராது. ஒரு வார்த்தைகூடப் புரியத் தேவையில்லை. எல்லாம் கையும் காலும் முகமும்தான். அதனால்தானே அதைத் தேடிப் பிடித்தீர்கள்?

2007இல் நான் மருமகளாக வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்களும் அத்தையும் சத்தமே இல்லாத டிவி முன்னால் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

“டிவி ரிப்பேரா மாமா?” என்று கேட்டேன்.

“ரிப்பேரு இல்லம்மா. உங்க அத்தைக்கிக் காது சுத்தமா போயி மூணு வருசமாவுது. அவுங்களுக்குக் கேக்காதத நான் மட்டும் கேட்டு என்னா பண்ணப் போறேன்?”

நீங்கள் பாட்டுக்குச் சொல்லிவிட்டு வாளிக்காரர்களைப் பார்க்கத் திரும்பிவிட்டீர்கள். நான் சமையலறைக்குப் போய் அழுதேன். உங்கள் மகனும் என்றாவது எனக்காக ஒரு சத்தத்தைக் குறைப்பாரா என்ற ஏக்கமும் அதில் கொஞ்சம் இருந்தது. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்?

ஆனால் ஒரு தப்பு செய்துவிட்டீர்கள். காட்டுமன்னார்கோயில் பெரிய மாமா, உங்கள் அண்ணன், வரும்போதெல்லாம் “இந்த வயசுல கோமாளிப் படமாடா?” என்று திட்டுவார் என்று பயந்து, அந்த டிஸ்கை ‘பக்திப் பாடல்கள்’ என்று எழுதிய உறைக்குள் ஒளித்து வைத்தீர்கள். என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

உங்கள் கருமாதி அன்று வீடு நிறைய சொந்தக்காரர்கள். “சாமி பாட்டு எதுனா போடும்மா” என்றார் பெரிய மாமா. நானும் அந்த உறையைப் பிரித்துப் போட்டேன். கூட்டத்துக்குக் கேட்கட்டும் என்று நான் வைத்த முழுச் சத்தத்தில் பேண்டு வாத்தியம் முழங்க, படத்தின் பெயர் போடும்போதே வாளிப் பட்டாளம் அணிவகுத்து வந்தது. ரிமோட் எங்கே என்று நான் தேடுவதற்குள், மூலையில் உட்கார்ந்திருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார். பதினாறு நாளாகக் கல் மாதிரி இருந்த மனுஷி, வாய்விட்டுச் சிரித்தார்.

“புருசன் போயி பதினாறு நாளு. சிரிப்பு கேக்குதா?” என்று பெரிய மாமா கத்தினார். அத்தைக்கு அது கேட்டிருக்காது. பெரிய மாமாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

அன்றிலிருந்து அத்தை டிவி இருக்கிற அறைக்கே வரவில்லை. சோறு போட்டால் பாதி தட்டிலேயே கிடக்கும். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “நான் சிரிச்சதுல உங்க மாமாவுக்கு மனசு வலிச்சிருக்குமா சுமதி?” இல்லை என்று தலையை ஆட்டினேன். நம்பவில்லை. ஒரு வருஷமாக அதே கேள்விதான், மாமா. உடம்பு பாதியாகிவிட்டது. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். எனக்குப் பயம் வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை துணிந்து ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: ‘சிரிச்சது தப்புன்னா, டிஸ்கைப் போட்ட என் மேலதான் தப்பு. வாங்க, தப்பை ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணுவோம்.’ கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தேன். சத்தம் வைக்கவில்லை. அத்தை சிரிக்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.

பூமியை எரிக்க வேற்றுக்கிரகத்து ராஜா பொத்தானில் விரல் வைக்கிற இடத்தோடு டிஸ்க் முடிந்துவிட்டது. “மீதி எங்கே?” என்று கையால் கேட்டேன்.

“ரெண்டாவது டிஸ்க்கு வாங்குன வருசமே ஒடைஞ்சி போச்சி. மீதிய உங்க மாமாதான் ஆடிக் காட்டுவாரு,” என்றார் அத்தை.

அடப்பாவி மாமா! டிஸ்க் முடிந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்வீர்களே, மத்தியானத் தூக்கம் என்றல்லவா நினைத்தேன்?

அத்தை எழுந்தார். ராஜாவாக முறைத்தார், பொத்தானில் விரல் ஒட்டிக்கொண்டு தவித்தார். மூச்சு வாங்கியது, நிறுத்தவில்லை. “கடைசில ராக்கெட்டு வீட்டு வாசல்ல வந்து எறங்கும். பெயின்ட்டுக்காரன் அதுலேர்ந்து வந்து விழுவான், அவன் பொண்டாட்டி நிப்பா. அது நான்,” என்று சொல்லி, வாசற்படியில் போய் இடுப்பில் கை வைத்து நின்றார். அப்படியே நின்றுகொண்டிருந்தார். வந்து இறங்க வேண்டிய ஆள் இல்லை.

நான் கொல்லைப்புறமாக ஓடி, வீட்டைச் சுற்றிக்கொண்டு, தெரு வழியாக வந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தையின் காலடியில் தொபுக்கடீர் என்று விழுந்தேன். எதிர்வீட்டுக்காரர் பால் பாத்திரத்தோடு நின்று பார்த்தார். பார்க்கட்டும்.

அத்தை குனிந்து கை கொடுத்துத் தூக்கினார். “அவரு இன்னும் நல்லா விழுவாரும்மா,” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார், மாமா. ஒரு வருஷத்துக்குப் பிறகு, அழுகையும் சேர்ந்து, நிறுத்த முடியாமல் சிரித்தார். இரவு இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

படம் உண்மையிலேயே அப்படித்தான் முடிகிறதா, இல்லை அந்தப் பொண்டாட்டியை நீங்களாகச் சேர்த்தீர்களா? கடையில் தேடிப் பார்க்கலாம். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வாசலில் விழுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. என் இடுப்பு ஒத்துழைக்காத நாளில் உங்கள் மகனைத் தள்ளிவிடுவேன். அத்தை வாசலில் காத்து நிற்கும்படி விடமாட்டேன்.

நன்றாக விழக் கற்றுக்கொண்டிருக்கும்
உங்கள் மருமகள்,
சுமதி