ஆளுக்கொரு கட்சி

ஜனவரி 11

வதந்தி இல்லை, உண்மைதான். நான் வேலை பார்க்கும் நகரசபைக் கிளினிக்கை மூடி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்க்கப் போகிறார்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலில் தையல்காரர் தலையை நீட்டி, "அப்போ சர்க்கரை மாத்திரைக்கு நான் ரெண்டு பஸ் மாறணுமா? என் காலைப் பாத்தீங்கல்ல?" என்றார். பார்த்தேன். புண்ணுக்கு நான்தானே கட்டுப் போடுகிறேன்.

வீட்டில் இருவரிடமும் கேட்டேன். அண்ணன் இந்த வார்டின் கவுன்சிலர். தம்பி எதிர்க்கட்சியின் வார்டு செயலாளர். அப்பா செய்த ஏற்பாடு இது: எந்தக் கட்சி வந்தாலும் காரியம் நடக்க வேண்டும், அதனால் ஆளுக்கொரு கட்சி. மேடையில் ஒருவரை ஒருவர் கிழிப்பார்கள். போவது ஒரே ஸ்கூட்டரில்தான். கூட்டத்துக்கு ஒரு தெரு முன்னால் பின்னாலிருப்பவன் இறங்கிக்கொள்வான்.

அண்ணன்: "போன ஆட்சியில போட்ட கையெழுத்தும்மா, நான் என்ன பண்ண?" தம்பி: "இப்ப ஆள்றது அவங்க, என்னைக் கேட்டா?" இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். கிளினிக்தான் இருக்காது.

பிப்ரவரி 3

புதுக் கட்சிக்காரர்கள் வந்தார்கள். அண்ணனை எதிர்த்து நான் நிற்க வேண்டுமாம். வார்டில் எல்லாருக்கும் என் முகம் தெரியுமாம். எனக்கு நகரசபைச் சம்பளம் இல்லை, அறக்கட்டளை வைத்த ஊழியர்தானே, நிற்கத் தடையில்லை என்றார்கள். "எங்க வீட்ல ஏற்கெனவே ரெண்டு கட்சி, மூணாவதுக்கு இடமில்லை" என்று சிரித்து மழுப்பினேன். அவர்களில் கண்ணாடி போட்ட பெண் சிரிக்கவில்லை. "ரெண்டும் இருந்துமா கிளினிக்கை மூடறாங்க?" என்றாள்.

டீ போடும் சாக்கில் உள்ளே போய்விட்டேன். கேள்வி கூடவே வந்தது.

பிப்ரவரி 10

சரி என்று சொல்லிவிட்டேன். வீடு இரண்டாகும் என்று பயந்துகொண்டே வந்தால் — அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "நில்லும்மா, தாராளமா நில்லு" என்றார். கை கழுவப் போனபோது, "ஆட்டோ வாடகை என் பொறுப்பு. தம்பிக்குத் தெரிய வேண்டாம்." கொஞ்ச நேரத்தில் தம்பி சமையலறைக்கு வந்தான். "மைக் செட், நாற்காலி எல்லாம் நான் பாத்துக்கறேன்க்கா. அண்ணன்கிட்ட மூச்சு விடாதே."

என்ன பாசம் என்று நெகிழ்ந்தே போனேன்.

பிப்ரவரி 14

பாசமாவது ஒண்ணாவது! நான் நின்றால் எதிர்க்கட்சி ஓட்டு பிரியும் என்று அண்ணன் கணக்குப் போடுகிறார். அண்ணன் ஓட்டு பிரியும் என்று தம்பி கணக்குப் போடுகிறான். நான் ஜெயிப்பேன் என்று ஒருத்தனுக்காவது தோணிச்சா? ஒரு நிமிஷமாவது? ஐம்பது வயதில் இதற்கெல்லாம் அழக்கூடாது. அழுதேன்.

பிப்ரவரி 21

மைக்கில் பேசினேன். பாதியில் மறந்துபோய், மருந்து ஜன்னல் பழக்கத்தில் "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு" என்று முடித்தேன். கைதட்டினார்கள்.

மார்ச் 6

இந்தக் கூத்தை யாரிடம் சொல்வது. எதிர்க்கட்சித் தெருக்களில் அண்ணனின் ஆட்கள், "ஹார்டுவேர் கடைக்காரருக்குப் போடறதுக்கு அந்தம்மாவுக்காவது போடுங்க" என்கிறார்களாம். அந்தக் கடைக்காரர்தான் தம்பி கட்சி வேட்பாளர். அண்ணனுடைய தெருக்களில் தம்பியின் ஆட்கள், "அண்ணனுக்குப் போடாதீங்க, தங்கச்சிக்குப் போடுங்க" என்கிறார்களாம். ஆக, மொத்த வார்டிலும் எனக்குத்தான் ஓட்டுக் கேட்கிறார்கள். நான் போகாத சந்துகளில்கூட.

மார்ச் 12

ஜெயித்துவிட்டேன்.

அண்ணன் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் தோற்றதற்குத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். ஹார்டுவேர் கடைக்காரர் மூன்றாவது என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. அண்ணி என்னைத் தனியாக இழுத்துப் போய், "நான் உனக்குத்தான் போட்டேன், உங்கண்ணன்கிட்ட சொல்லிடாதே" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன். பல வருஷத்துக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது. எழுதி வைக்கிறேன் — சந்தோஷமாக இருந்தது.

ஏப்ரல் 2

நகரசபையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. எங்களைத் தள்ளி வைக்க இரண்டு பழைய கட்சிகளும் கைகோத்துவிட்டன. இன்று ஸ்கூட்டர் நேராகக் கூட்ட வாசலுக்கே போயிற்று. ஒருவனும் முன்தெருவில் இறங்கவில்லை.

ஏப்ரல் 19

சாப்பாட்டு மேஜையில் அண்ணன் பஞ்சாயத்து வைத்தார். "ரெண்டு பேரும் ஒரே பக்கம் இருக்கறது வீண். ஒருத்தன் தங்கச்சி கட்சிக்குப் போகணும்."

"நானா?" என்றான் தம்பி.

"பின்ன? என்னைத் தோக்கடிச்ச கட்சிக்கு நானே போகவா?"

"அந்தக் கட்சியில நான் இருக்கேனே" என்றேன். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ இருக்கம்மா, இல்லைங்கல" என்றார் அண்ணன். "ஆனா நம்ம வீட்டுக் காரியத்துக்கு நீ யார்கிட்டயும் போய் நிக்க மாட்டியே."

மே 8

தம்பி சேர்ந்துவிட்டான். சால்வை, கைதட்டல். அன்றைக்கே எங்கள் வார்டு செயலாளர். "அனுபவசாலி வேணும்ல" என்றார்கள். கண்ணாடிப் பெண் கடைசி வரிசையில் நின்றாள். நான் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள்தான் இந்தக் கட்சிக்கு வீடு வீடாக அலைந்தவள்.

ஜூன் 12

நாளை சபையில் கிளினிக்கை மூடும் தீர்மானம்.

தம்பி வந்தான். "கட்சி முடிவுக்கா. ஓட்டெடுப்புக்கு முன்னாடி வெளிநடப்பு. ஆதரிக்கவும் வேணாம், எதிர்க்கவும் வேணாம். சந்தைக் குழுத் தலைமையை நமக்குத் தர்றாங்க."

"நமக்குன்னா யாருக்குடா?"

"என்னக்கா கேள்வி இது."

"கிளினிக்குக்காகத்தான்டா நான் நின்னேன்!"

"தெரியும்க்கா. அடுத்த தடவை பாத்துக்கலாம்." இதே வார்த்தையை இரண்டு கட்சியிடமும் கேட்டிருக்கிறேன். மூன்றாவது கட்சியிடமும் கேட்டாயிற்று.

ஜூன் 13

எங்கள் ஆட்கள் கோஷம் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். நான் எழுந்திருக்கவில்லை. "எதிர்ப்பவர்கள்?" என்றபோது கையைத் தூக்கினேன். சுற்றிப் பார்த்தேன். வேறு கை இல்லை. சபைத் தலைவர் என் கையை எண்ணக்கூட நிமிரவில்லை.

ஜூன் 20

கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். தகவல் சொன்னது தம்பிதான். செயலாளர் இல்லையா.

ஜூலை 1

நேற்றோடு கிளினிக் மூடியாயிற்று. கவுன்சிலராக இருக்கிறேன், எந்தக் கட்சியிலும் இல்லாமல். சம்பளத்துக்கு ஒரு மருந்துக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். தையல்காரர் வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "நீங்க கை தூக்கினீங்களாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே போனார். திட்டியிருக்கலாம்.

சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். தம்பி பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தான். "மனசை விடாதக்கா. கட்சி இல்லாத ஆளும் வீட்டுக்கு ஒண்ணு வேணும்ல. நல்லதுக்குத்தான்" என்றான். அண்ணன் சாதத்தைப் பிசைந்தபடி, "ஆமாம்மா" என்றார்.

கிண்டல் இல்லை. இருவரும் எனக்கு ஆறுதல்தான் சொன்னார்கள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.