மாப்பிள்ளைக்காகப் படித்த செக் நாவல்கள்

ஜனவரி 12, 2025, ஞாயிறு

எட்டு மணிப் பூசை முடிந்து வந்து இட்லிக்கு உட்கார்ந்தோம். செக் நாட்டு பிராக்கிலிருந்து மகள் மௌரீன் வீடியோவில் வந்தாள். கூட வேலை செய்கிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாளாம். பெயர் பாலிந்த். ஈஸ்டருக்கு அழைத்து வருகிறாளாம். சம்மதம் கேட்கவில்லை, தகவல் சொன்னாள்.

இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கத்தோலிக்கா?"

"ஆமா டாடி."

அவ்வளவுதான், அடுத்த இட்லிக்குப் போய்விட்டார். பொம்மசந்திரா ஃபேக்டரியில் வருஷக்கணக்காக ஆள் எடுத்த மனிதர். ஒரு தகுதி சரியாக இருந்தால் மைக்கேல்ராஜுக்குப் போதும்.

எனக்குப் போதாது. இருப்பது ஒரே பெண். அந்த செக்காரர்கள் எப்படிப்பட்ட ஜனங்கள்? யாரிடம் விசாரிப்பது? பெங்களூர் ஆஸ்டின் டவுனில் செக்காரர் யாரும் குடியில்லை.

ஜனவரி 25, சனி

பழைய புத்தகக் கடையில் மூன்று செக் நாவல்கள் கிடைத்தன, இங்கிலீஷில். எல்லாம் நூறு வருஷத்துப் பழசு. கடைக்காரர் "எக்ஸாமா மேடம்?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

செக்காரனைத் தெரிந்துகொள்ளலாம் என்று திறந்தால், அவன் அக்கம்பக்கத்து நாட்டுக்காரர்களை வாருவதுதான் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஜெர்மன்காரன் ஊர் நடுவில் பெரிய வீட்டுக்காரன். செக் மொழி தெரியும், ஆனால் பேசமாட்டான். ஆட்சி நடக்கும் வியன்னாவிலிருந்து வரும் அதிகாரி முத்திரை குத்திவிட்டுத் தூங்குவான். போலந்துக்காரன் பெண்களின் கைக்கு முத்தம் கொடுத்துவிட்டுத் தாத்தாவின் ஜமீன் கதையை ஆரம்பிப்பான். ஸ்லோவாக்கியன் ஏழைப் பங்காளி, மூட்டையோடு வந்து சட்டி பானைக்குக் கம்பி கட்டிக் கொடுத்துப் பாடிக்கொண்டே போவான். ரஷ்யன் தூரத்தில் இருக்கும்வரை அண்ணன். ஊருக்குள் கால் வைத்தால் தொல்லை. பிரெஞ்சுக்காரனை மட்டும் யாரும் பார்த்ததில்லை, அதனால் அவன் உத்தமன்.

நாமும் அப்படித்தானே? நம் கேட் முன்னால் கார் நிறுத்துகிறவன் அயோக்கியன், கனடாவில் இருக்கிறவன் தங்கமான மனுஷன்.

எல்லோரையும் விட ஹங்கேரிக்காரன்தான் பிரமாதம்! மூன்று நாவலிலும் அதே ஆள். முறுக்கு மீசை, எட்டு ஊருக்குக் கேட்கும் குரல். சாராயக் கடைக்குள் அவன் நுழைந்தால் அடுத்த பக்கத்தில் நாற்காலி பறக்கும். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். இவ்வளவு கேலி தெரிந்த ஜனங்கள் வீட்டில் என் பெண் சந்தோஷமாக இருப்பாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சாம்பார் அடிப்பிடித்தது. காரணம் ஹங்கேரிக்காரன்.

மார்ச் 2, ஞாயிறு

ஐயோ. ஐயோ. ஐயோ.

இன்று வீடியோவில் முதல்முறையாக பாலிந்தும் உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளையிடம் நல்ல பெயர் வாங்க வேண்டாமா? உங்கள் ஊர் நாவல்கள் படிக்கிறேன் என்று ஆரம்பித்தேன். அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா? ஹங்கேரிக்காரன் நாற்காலி வீசுகிற இடத்தை நடித்தே காட்டினேன். மீசைக்குக் கறிவேப்பிலைக் கொத்தை மூக்கின் கீழ் வைத்துக்கொண்டேன். அவன் மரியாதையாகச் சிரித்தான். மௌரீன் சிரிக்கவில்லை.

"மம்மி, அவர் செக் இல்ல. ஹங்கேரி. வேலைக்குத்தான் பிராக் வந்தாரு."

கறிவேப்பிலை என் கையிலேயே இருந்தது.

பிறகு தனியாகக் கூப்பிட்டாள். "உங்களுக்குப் புடிக்கலன்னா நாங்க அங்க வரல மம்மி. இங்கயே ரிஜிஸ்டர் பண்ணிக்கறோம்."

என் பெண்ணின் கல்யாணம் நானில்லாமல் நடக்குமா? மூக்கின் கீழ் கறிவேப்பிலை வைத்ததற்கா?

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

தவக்காலத்துக்கு இறைச்சியை விட்டாயிற்று. ஹங்கேரிக்காரன் மேலுள்ள சந்தேகத்தை விட முடியவில்லை. மன்னிப்புக் கேட்டு இருவருக்கும் மெசேஜ் போட்டேன், மனசு மட்டும் மீசையைத் தேடுகிறது. ஹங்கேரி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. பகை மட்டும் முழுசாக இருக்கிறது, அதுவும் செக்காரனிடம் இரவல் வாங்கிய பகை.

இவரிடம் புலம்பினேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்: "எங்க திண்டுக்கல்ல உன்னைப் பத்தி என்ன சொன்னாங்க தெரியுமா? பெங்களூர் பொண்ணு, ஓட்டல்லதான் சாப்பிடும்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சாம்பார் தீயுற வாடை வருது பாரு."

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்னும் டிக்கெட் போடவில்லையாம். பூசையில் என்ன பிரசங்கம் என்றே காதில் விழவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

டிக்கெட் போட்டாச்சு! போயே ஆகணும் என்று பாலிந்த்தான் பிடிவாதம் பிடித்தானாம். ஏன்? சண்டைக்கா?

ஏப்ரல் 19, சனி

வந்துவிட்டார்கள். மீசையே இல்லை. ஒல்லி. ஏர்போர்ட்டில் கைகூப்பி, "நமஸ்காரா. ஊட்டா ஆய்தா?" என்று கன்னடத்தில் சாப்பாடு ஆச்சா என்று விசாரித்தான். இவரும் பழக்கதோஷத்தில் கன்னடத்திலேயே "ஆய்து" என்றார். தமிழ் வீட்டுக்கு எதற்குக் கன்னடம்? கேட்கத் தோன்றவில்லை. பையன் பேசுவது யாருக்கும் கேட்பதில்லை, ஒவ்வொன்றையும் நான் "என்ன?" என்று திரும்பக் கேட்கிறேன். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தான். நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தினான்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பிரியாணி பரிமாறும்போது இவர் பால்கனியிலிருந்து கீழ்வீட்டுக்காரரை, "யோவ் ஆம்ப்ரோஸ்! மேல வாய்யா!" என்று கத்தினார். பாலிந்த்தின் ஸ்பூன் அப்படியே நின்றது. மௌரீனைப் பார்த்து, ஆரம்பித்துவிட்டது என்று இங்கிலீஷில் முணுமுணுத்தான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

விஷயம் இதுதான். பெண்வீட்டைத் தெரிந்துகொள்ள அவனும் படித்திருக்கிறான். பெங்களூர் என்பதால் பழைய கன்னட நாவல்கள் இரண்டு, இங்கிலீஷில்! இரண்டிலும் ஒரு தமிழன் வருகிறானாம். தெருவில் நின்று கத்துவான். அடுத்தவன் விஷயத்தில் தலையிடுவான்.

"நாற்காலி வீசுவானா?" என்று கேட்டேன்.

இல்லையாம். குழாயடியில் குடம் வீசுவானாம்.

அந்தப் புத்தகங்களை அவன் நம்பவில்லையாம். மார்ச்சில் என்னை வீடியோவில் பார்த்த பிறகுதான் நம்பினானாம்.

சுருக்கென்றது. நாங்களா அப்படி? எழுதியவன் எங்களைப் பார்த்திருக்கிறானா? என்று வாயைத் திறக்கப் போனவள், அவன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். இதே கேள்வியை அவன் என்னிடம் கேட்கவேயில்லை. வெட்கமாக இருந்தது. அப்புறம் ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

"நேரில் பார்த்துவிட்டுப் பயப்படலாம் என்றுதான்" என்றான்.

இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தேன். வேண்டாம் என்றான். எங்கள் வீட்டில் அது எடுபடாது.

ஜூன் 15, ஞாயிறு

டிசம்பரில் கல்யாணம், நம் கோயிலிலேயே. பங்குச் சாமியாரிடம் பேசியாயிற்று.

மாப்பிள்ளை ஒரு பழைய ஹங்கேரிய நாவல் அனுப்பியிருக்கிறார், இங்கிலீஷில். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு செக்காரன் வருகிறான், பாட்டு வாத்தியார். மகா கஞ்சன். விருந்துக்குப் போன வீட்டில் சர்க்கரைக் கட்டியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. எங்கள் ஹங்கேரி ஆட்கள் எவ்வளவு சரியாக எழுதியிருக்கிறார்கள்!