விற்க மறுத்த அலைவரிசை

கான்சஸ் சிட்டி
14 ஏப்ரல் 1996, ஞாயிறு

அன்புள்ள லீவாண்டர்,

உன்னைவிட நாலு வயது மூத்தவள், இன்னும் வாய் அடங்காதவள், உன் அக்கா வெர்டெல் எழுதுகிறேன். பல்வலி எப்படி இருக்கிறது? மருந்து கொடுத்தார்களா, இல்லை உப்புத் தண்ணீர்தானா?

சில நாட்களாக வானொலியில் மதிய நேரத்தில் என் குரலைக் காணாமல் பயந்திருப்பாய். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நிலையத்திலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். நடந்ததைச் சொல்கிறேன். சிறைக்காரர்கள் பிரித்துப் படித்தால் படிக்கட்டும்.

நிலையத்தை நடத்தும் பல்கலைக்கழகத்துக்கு டாக்டர் ப்ரெஸ்காட் என்று புதிய தலைவர் வந்திருக்கிறார். கறுப்பினத்தவர், நம்மவர் என்று சந்தோஷப்பட்டோம். போன மாதம் எங்களைக் கூப்பிட்டு, நிலையத்தின் அலைவரிசையை ஒரு நிறுவனத்துக்கு விற்கப்போவதாகச் சொன்னார். "ஜாஸ் கேக்கறவங்களுக்கெல்லாம் வயசாயிடுச்சும்மா. இது பல்கலைக்கழகம், மியூசியம் இல்ல" என்றார்.

அவருக்கு என்ன தெரியும்? எழுபத்து நாலில் நம் தெருவின் இசையை ஒருவரும் ஒலிபரப்பாதபோது, நீயும் உன் வகுப்புப் பிள்ளைகளும் வேதியியல் கூடத்தின் அடித்தளத்தில் ஆரம்பித்த நிலையம் இது. ஏரியல் கம்பத்தை மொட்டைமாடிக்கு ஏற்றும்போது கையைக் கிழித்துக்கொண்டு வந்தாயே! அப்போது பதினெட்டாம் தெருவைத் தாண்டினால் கேட்காது. பிறகு தேவாலயத்துப் பெண்கள் வாரக் கடைசிகளில் கெளுத்தி மீன் வறுத்து விற்று, இப்போதுள்ள கோபுரத்தை எழுப்பினார்கள். அதன் ஒலி ஒருநாள் ஆற்றைத் தாண்டி, நீ இருக்கும் சுவருக்குள்ளும் எட்டும் என்று யார் நினைத்தோம்?

போன வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, நேயர்களிடம் விடைபெறும்படி எழுதிய ஒரு தாளை என் கையில் கொடுத்து, மதிய நிகழ்ச்சியில் படிக்கச் சொன்னார்கள். மைக்கில் இப்படிச் சொன்னேன்: "எனக்கு ஒரு காகிதம் குடுத்திருக்காங்க. என் கண்ணுக்கு ஒண்ணும் புலப்படல. இதுல என்னதான் எழுதியிருக்குன்னு நீங்களே வந்து தலைவர்கிட்ட கேளுங்க."

இருப்பதிலேயே நீளமான இசைத்தட்டைச் சுழலவிட்டேன். அது முடிவதற்குள் வந்துவிட்டார்கள். சலூன்கார ஐசம் கையில் சவரக் கத்தியோடு வந்தார். பின்னாலேயே பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அவருடைய வாடிக்கையாளர். அடுத்து நம் தெருவின் வாத்தியக்காரர்கள்: டிரம்பெட், சாக்ஸபோன், ஒரு முழு டிரம் செட். எல்லாவற்றையும் தலைவர் அலுவலக வாசலில் இறக்கிவிட்டு வாசிக்கத் தொடங்கினார்கள். ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. நேரம் ஆக ஆக மாணவர்களும் வகுப்பை விட்டு வந்து சேர்ந்தார்கள். வயதானவர்களாம்!

கூட்டத்தைக் கலைக்கும்படி காவலாளி ஆம்ப்ரோஸிடம் ப்ரெஸ்காட் கத்தினார். ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "சார், முன்னாடி நிக்கிறது எங்க அம்மா. தைரியம் இருந்தா நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழக அறங்காவலர்கள் கூடினார்கள். வாசலில் அன்றும் வாசிப்பு நிற்கவில்லை. விற்பனையைக் கைவிட்டார்கள். நிலையம் நம்முடையதுதான், தம்பி.

ஆனால் கட்டளையை மீறியதற்கு நான் மன்னிப்புக் கேட்டு எழுதித்தர வேண்டுமாம். எழுதினால் திங்கட்கிழமையே திரும்பி வரலாம் என்றார் ப்ரெஸ்காட். உன்னை நினைத்துப் பேனாவை எடுத்துவிட்டேன். பிறகு வைத்துவிட்டு, "செய்யாத தப்புக்கு எங்க வீட்ல யாரும் கையெழுத்துப் போட்டதில்ல" என்று சொல்லி எழுந்து வந்தேன். அது உனக்கே நன்றாகத் தெரியும். குற்றத்தை ஒப்புக்கொண்டு போட்டிருந்தால் நீ எப்போதோ வீட்டுக்கு வந்திருப்பாய்.

என் நேரத்தில் இப்போது பேசும் பெண் பெயர் ஜொனெல். மாணவி. கொஞ்சம் வேகமாகப் பேசுகிறாள், ஆனால் நல்ல காது. திட்டாமல் கேள்.

இத்தனை வருடமும் என்னைப் பார்க்க வரவிடவில்லை நீ. அந்தச் சீருடையில் உன்னை நான் பார்க்கக் கூடாது, குரல் போதும் என்று சொல்லியனுப்பினாய். நானும் கேட்டுக்கொண்டேன். இனி கேட்க மாட்டேன். வருகிற சனிக்கிழமை பேருந்தில் வருகிறேன். பெயர் கூப்பிட்டால் எழுந்து வா, லீவாண்டர். ஒன்றும் பேச வேண்டாம். எதிரே வந்து உட்கார், அது போதும்.

தேவன் உன் பக்கம் நிற்கட்டும்.

உன் அக்கா
வெர்டெல்